சாய்ப்போரக் குழி

மட்டைச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. குழிக்கு அடியில் பரப்புகிற தேங்காய் மட்டையை மல்லாத்திப் போடுவதா கவுத்திப் போடுவதா என்று மாமனாரும் குழி வெட்ட வந்த சின்னவேலண்ணனும் ஆரம்பித்தார்கள். பேச்சு யாரோ ஒருத்தர் தோப்பில் கரையான் ஏறிய கதைக்குப் போய், அந்தத் தோப்பை வித்த கதைக்குப் போய், வித்த பணத்தில் கட்டின கல்யாண மண்டபத்துக்குப் போய், சுத்திக்கொண்டு மறுபடி மட்டைக்கே வந்து நிற்கிறது. “மல்லாத்திப் போட்டாத்தானுங்ணா தண்ணி நிக்கும், கிண்ணமாட்ட.” “கிண்ணமாட்ட நின்னா வேரு அழுகும்டா. கவுத்துப் போடு.” “அழுகாதுங்ணா.” “உன்ற ஊட்டுல எத்தன மரம் வெச்சிருக்கறே நீ?” நான் எருக்குவியல் பக்கத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இறக்கக் கூடாதாம். தென்னை நாத்தைப் பையிலிருந்து பிரித்த நேரத்திலிருந்து குழியில் வைத்து மண் தள்ளுகிற வரைக்கும் இடுப்புப் பிள்ளை தரையில் கால் வைக்கக் கூடாதாம். வைத்தால் மரம் வளர்ந்தாலும் குரும்பை நிற்காதாம், பிஞ்சிலேயே கொட்டிப்போகுமாம். இந்த வீட்டில் தென்னை வைத்தால் அப்படித்தான், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து வலது கையால் மூன்று தரம் மண் தள்ள வேண்டும். மற்றதெல்லாம் ஆம்பளைகள் பார்த்துக்கொள்வார்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் திசை, மட்டை மல்லாத்தலா கவுத்தலா, எல்லாம் அவர்கள். மண் தள்ளுவது மட்டும் நான். அதுவரைக்கும் இந்த வெயிலில் நட்டுவைத்த குச்சி மாதிரி நிற்பதும் நான். நாத்தைப் பிரித்ததே அவசரம். பையைக் கிழித்துப்போட்டுவிட்டு அப்புறம் மட்டையைப் பற்றிப் பேசுவார்களா? முதலில் பேசி முடித்துவிட்டுக் கிழித்தால் என்ன? வேர் வெளியில் தெரிந்துகொண்டு கிடக்கிறது, செம்மண் ஒட்டின வெள்ளை வேர். அது வாடுவது யாருக்கும் கண்ணில் படவில்லை. என் இடுப்பு விட்டுப்போவது யாருக்கும் கண்ணில் படவில்லை. பாப்பா தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கிறாள். எடுத்துவிட்டேன். மறுபடி வைக்கிறாள். இருக்கட்டும், போ, கடி.

காலையில் ரெண்டு குழி முடிந்தது. அது துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கும் ஒன்றுமில்லை, மூன்று தரம் தள்ளிவிட்டு வந்தேன். இந்த மூன்றாவதுதான். இந்தக் குழியை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சாய்ப்பின் கம்பத்துக்குப் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். கம்பத்தில் கை வைத்துக்கொண்டே குழிக்குள் எச்சில் துப்பலாம், அவ்வளவு பக்கம். அந்தக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான் பாப்பாவின் தொட்டில் தொங்குகிறது. என் பழைய பருத்திச் சேலை, பச்சையில் மஞ்சள் பூப் போட்டது. உள்ளே சிமெண்டு அட்டைக் கூரை கொதிக்கிறது, மத்தியானம் மனுசர் இருக்க முடியாது, காத்து வருகிற இடம் இது ஒன்றுதான். பாப்பா தூங்குவது இங்கே. நான் வெங்காயம் உரிப்பது, அத்தை புளி கொட்டை எடுப்பது, மத்தியானம் சோறு தின்பது எல்லாம் இங்கே. இங்கே வேண்டாம். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. இங்கே வேண்டாங்க மாமா, ஓலை மட்டை விழும், காய் விழும், வேலியோரம் வைக்கலாம். வாய்க்குள் எல்லாம் வரிசையாக இருக்கிறது. நேற்று நான் ரேசன் கடையில் நின்ற நேரத்தில் வெட்டிவிட்டார்கள். வந்து பார்த்தால் குழி வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது, பக்கத்தில் மண், மண்மேல் சின்னவேலண்ணனின் துண்டு. கையில் அரிசிப் பையோடு நின்று பார்த்துவிட்டு அரிசியைக் கொண்டுபோய் டப்பாவில் கொட்டினேன். அரிசியைக் கொட்டினவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைக் கொட்டியிருக்கக் கூடாதா?

இந்த நாத்தை நான்தான் வளர்த்தேன் என்று சொன்னால் பெருமைக்குச் சொல்கிற மாதிரி ஆகும். ஆனால் நான்தான் வளர்த்தேன். போன வருசம் மாமனார் ஏதோ ஒரு பண்ணையைச் சுத்திப் பார்க்கப் போகிற வண்டியில் ஏறிப் போய்விட்டு, சாயங்காலம் கையில் சாக்குப்பையோடு வந்து இறங்கினார். உள்ளே விதைக்கு அஞ்சு நெத்துக் காய். “ஒட்டு ரகமாக்கும், குட்டைக்கும் நெட்டைக்கும் சேத்துனது. ஏணி வேண்டாம், ஆளு வேண்டாம். நின்னுக்கிட்டே பறிச்சேன், இந்தா இப்படி,” என்று சமையல்கட்டு நிலையில் கையை வைத்துக் காட்டினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அந்த நிலையைத்தான் காட்டினார். மரம் ஏற ஆள் கிடைக்காமல், கிடைத்த ஆளும் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றி, முத்தின காய் தானாக விழுந்து விழுந்து வெறுத்துப்போன மனுசர், நின்றுகொண்டே பறித்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காயைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். போட்டதோடு சரி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, காயைப் படுக்க வைத்து, முதுகு வெளியில் தெரிகிற மாதிரி மூடினது நான். அரிசி கழுவின தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, பாப்பா குளித்த தண்ணி எல்லாம் அதற்குத்தான். எத்தனை நாள் ஊத்தியும் கல் மாதிரிக் கிடந்தது. “என்னடி, அடை காக்கறயா?” என்று அத்தை கேலி பண்ணும். எனக்கே எரிச்சல், இது காயா கருங்கல்லா என்று காலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் பல் விளக்கும்போது பார்க்கிறேன், நாரைக் கிழித்துக்கொண்டு கோழி மூக்கு மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஒன்று அழுகிப்போச்சு, ஒன்றை ஆடு கடித்துவிட்டது, மூன்று நின்றது. உரச்சாக்கை வெட்டி, கோணி ஊசியில் தைத்துப் பை பண்ணி, எடுத்து மாற்றி வைத்தேன். ஓலை மட்டை டீத்தண்ணி நிறத்தில் வந்தது. நல்ல நிறமா கெட்ட நிறமா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஆனால் ஒன்று தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலாத்தாக்கா ஒரு ஒட்டுத் தென்னை வைத்திருந்தது. இதே மாதிரிதான், எங்கிருந்தோ வாங்கி வந்து வைத்தது. நான் நாலாவது படிக்கும்போது அந்த மரத்தில் இளநீரை நின்றுகொண்டே பறித்திருக்கிறேன், கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன், ஜில்லென்று இருக்கும். எட்டாவது வரும்போது முக்காலி போட்டார்கள். என் கல்யாணத்துக்குப் பந்தலில் கட்டக் குருத்தோலை வெட்ட ஆள் ஏறினான், அதே மரத்தில், கயிறு போட்டு ஏறினான், நான் மருதாணிக் கையோடு ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஓட்டுக் கூரைக்கு மேலே போய்விட்டது மரம். அப்படியானால் மாமனார் பார்த்தது வளர்ந்து முடிந்த மரம் இல்லை, வயசு குறைந்த மரம். நாலு வயசுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இது இவ்வளவுதான் வளரும் என்று வீட்டு நிலையைக் கட்டின மாதிரி. பண்ணையில் மரத்துக்கு என்ன வயசு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நின்றுகொண்டே பறித்த சந்தோசத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்? ஒருவேளை வேலாத்தாக்கா மரம் வேறு ரகமாக இருந்தால்? அதற்கு மட்டை என்ன நிறம்? பச்சையா, இந்த மாதிரிப் பழுப்பா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், காய் கன்னத்தில் ஜில்லென்று பட்டது ஞாபகம் வருகிறது, மட்டை நிறம் வரமாட்டேன் என்கிறது. ராத்திரி நினைத்தால் பச்சையாக இருந்தது, காலையில் எழுந்து நினைத்தால் பழுப்பாக இருக்கிறது. நிறமே தெரியாதவள் என்னத்தைச் சொல்ல? ஆனால் மட்டை விழுந்தது தெரியும். அது நிறம் பார்க்க வேண்டியதில்லை. நான் எட்டாவது படிக்கும்போது என் தம்பிக்குத் தொட்டில் வயசு. அந்த மரத்துக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில்தான் தொட்டில். அம்மா அவனைத் தூக்கிப் பால் கொடுக்க உள்ளே போனது, நான் வாசலில் மிளகாய் காய்ந்ததைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். காத்து. ஆடிக் காத்துக்கு முன்னால் வருகிற காத்து, இந்தக் காத்து. சரசரவென்று சத்தம், மழை வந்துவிட்டதென்று மிளகாயை அள்ளக் குனிந்தேன், முதுகுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. திரும்பினால் காய்ந்த மட்டை தொட்டிலோடு தொட்டிலாகத் தரையில் கிடக்கிறது, கயிறு ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது. மட்டையின் அடிப்பாகம், தடிமனாக, உட்காருகிற பலகை மாதிரி இருக்குமே, அது தம்பியின் தலை இருந்த இடத்தில். அம்மா வந்து பார்த்துச் சிரித்தது. “நல்லவேளை, எடுத்தேன்,” என்று சொல்லிவிட்டு, கயிற்றை முடிந்து அங்கேயே மறுபடி கட்டியது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

அத்தையிடம் இந்தக் கதையை நேற்றுச் சொன்னேன். அத்தை புளியில் இருந்து கண்ணை எடுக்காமல், “தென்னைக்குக் கண்ணு இருக்குது சாமி, ஆளு மேல உளுகாது,” என்றது. கண் இருந்தால் தொட்டில் தெரியாதா அதற்கு? கேட்கவில்லை. “நீங்க மாமாகிட்டச் சொல்லுங்கத்தே, வேலியோரம் வெக்கலாமுன்னு.” “வேலியோரமா? காயெல்லாம் அந்தப் பக்கத்து ஊட்டுக்காரி முந்தானையில உளுகறக்கா? அவ இப்பவே முருங்கைக்காய எண்ணிக்கிட்டு இருக்கறா. அதுமில்லாம உங்க மாமனார்கிட்ட ஆரு சொல்றது, குழி வெட்டியாச்சு.” சரி, இவரிடம் சொல்லலாம் என்று சோறு போடும்போது சொன்னேன். என் வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தாலும் பாதி ஆள் போனுக்குள் இருப்பார். ரசத்தைக் குடித்துவிட்டு, “அது மட்டை போடற அளவுக்கு வளர்றதுக்குள்ள பாப்பா பள்ளிக்கூடம் போயிரும், லூசு,” என்றார். அது சரிதான். நான் அதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்ததற்கு வெட்கமாகப் போய்விட்டது, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது, பள்ளிக்கூடம் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வராதா? வந்து எங்கே உட்கார்ந்து எழுதும்? காத்து வருகிற இடத்தில்தானே? அதற்கு அடுத்தது பிறந்தால் அது எங்கே தூங்கும்? அத்தை எங்கே புளி கொட்டை எடுக்கும்? மரம் நிற்கிற வரைக்கும் அடியில் யாரோ ஒருத்தர் இருக்கத்தானே போகிறோம்? இதை அப்போதே சொல்லியிருந்தால் இவருக்குப் பதில் இருந்திருக்காது. ஆனால் எனக்கு எப்போதும் பாத்திரம் தேய்க்கும்போதுதான் பதில் வரும். கேள்வி கேட்டவர் தூங்கிப்போன பிறகு வரும். இவரை எழுப்பியா சொல்வது?

“பாட்டா, பாட்டா,” என்று பாப்பா கத்துகிறாள். மாமனாரைப் பார்த்து. அவர் திரும்பி, “இந்தா சாமி, ஆச்சு, ஆச்சு,” என்கிறார். எனக்கு ஒருக்காலும் அப்படித் திரும்பினதில்லை. நானும் ஒருக்காலும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா? டீ வைத்தால் டம்ளர் சத்தம் பேசும். சோறு ஆச்சு என்றால் அத்தையிடம் சொல்வேன், அத்தை சொல்லும். அவரும் “மேனகாகிட்டச் சொல்லு” என்று நான் நிற்கும்போதே அத்தையிடம் சொல்வார். இது கோபம் எல்லாம் இல்லை, அப்படியே பழகிப்போச்சு. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எட்டாவது முடித்துவிட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போனேன். எங்கள் நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் கண்டக்டரிடம் இறங்கோணும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லலாம், சொல்லலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நிறுத்தம் போய்விடும், அடுத்ததும் போய்விடும், யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கிச் சோளக்காடு வழியாக நடந்து வருவேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. வீட்டில் கேட்டால் டீச்சர் இருக்கச் சொன்னதென்பேன். கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாமென்று நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொன்னது. படிப்பு ஏறித்தான் இருந்தது, இறங்குவதுதான் வரவில்லை. இப்போது நினைத்தால் எரிகிறது. ஒரு வார்த்தை. இறங்கோணுங்க. அதைச் சொல்லாமல் ஒரு மனுசி எத்தனை தூரம் நடப்பாள்?

இடுப்பில் சூடாக ஏதோ இறங்குகிறது. பாப்பா மூத்திரம் பெய்துவிட்டாள். சேலை, பாவாடை, கால் வரைக்கும். அவள் என் முகத்தைப் பார்த்து, பெரிய வேலை செய்து முடித்தவள் மாதிரி, “ஆச்சு,” என்கிறாள். பாட்டன் சொன்ன அதே ஆச்சு. “அத்தே, பாப்பா நனைச்சிருச்சுங்க,” என்றேன், மெதுவாக. அத்தை பார்த்துவிட்டு, “இருக்கட்டும், இருக்கட்டும், அது நல்லதுதான், எறக்கீராத,” என்றது. எது நல்லது? யாருக்கு? காத்து அடிக்கிறது, நனைந்த இடம் குளிர்கிறது, மேலே வெயில் சுடுகிறது. தகரம் படபடவென்று அடிக்கிறது. தொட்டில் காலியாக, காத்து நிரம்பி, உள்ளே ஆள் இருக்கிற மாதிரி உப்பிக்கொண்டு ஆடுகிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று குழியைப் பார்த்தேன். குழிக்குள் மட்டை போய்க்கொண்டிருக்கிறது. பாதி மல்லாந்து, பாதி கவுந்து. அட, இதற்கா இத்தனை நேரம்? “ரெண்டும் கெடக்கட்டும், எது சரியோ அது வேலை செய்யட்டும்,” என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சின்னவேலண்ணன் வாய்க்குள் சிரித்துக்கொண்டு அதன் மேல் மணலைக் கொட்டினார், எருவைக் கொட்டினார், வேப்பம் புண்ணாக்கைத் தூவினார். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஒரு கையால் நாத்தைத் தூக்கி வருகிறார். “ஆமாங்ணா, நாளைக்குக் காலீல லோடு எடுத்தர்றனுங்க.” நாத்தைத் தூக்குகிற லட்சணமா அது, ஓலையைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து விட்டுப்போகாதா? காயைப் பிடியுங்க, காயைப் பிடியுங்க என்று என் கை எனக்குத் தெரியாமலே நீள்கிறது. நான் மூன்று பையைத் தைத்தேன், இவர் ஒன்றைத் தூக்கி வருகிறார், பேசிக்கொண்டே. அதை வாங்கிக் குழிக்கு நடுவில் வைத்தார்கள். மாமனார் ரெண்டடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “சாஞ்சிருக்குது, அக்கட்டால தள்ளு. ம். நேரா நிக்குது.” நிற்கிறது. மூன்றிலும் இதுதான் நல்ல நாத்து, ஆறு ஓலை. ஆறாவது இப்போதுதான் பிரிந்தது, நான் பார்க்கப் பிரிந்தது. காத்தில் சாய்ப்புப் பக்கமாகவே வளைகிறது. இந்தக் காத்து எப்போதும் இந்தப் பக்கமாகத்தானே அடிக்கும்? அப்படியானால் எது கழன்றாலும் இந்தப் பக்கமாகத்தானே வரும்?

“வா மேனகா, வந்து தள்ளு. நல்ல நேரம் போகுது,” என்றது அத்தை. போனேன். குழி ஓரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து குத்த வைத்து உட்கார்ந்தேன், பாப்பாவின் கால் தரையில் படாமல் தொடைமேல் வைத்துக்கொண்டு. மண் குவியல் கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது. கையை வைத்தேன். மேலே சூடு, உள்ளே ஈரம். தள்ள வேண்டியதுதான். மூன்று தள்ளு, எழுந்து போய்ச் சேலை மாற்றலாம், பாப்பாவைக் கழுவலாம், சோறு வைக்கலாம், இது முடிந்துவிடும். முடிந்து, அப்புறம் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். காத்து அடிக்கிறபோதெல்லாம் அடுப்படியில் இருந்து ஓடி வந்து பார்க்க வேண்டும். அம்மா மாதிரி நானும் ஒரு நாள் சிரிப்பேன், நல்லவேளை எடுத்தேன் என்று. எடுக்காத நாள் வந்தால்? கை மண்ணில் இருக்கிறது. தள்ளவில்லை. “தள்ளு கண்ணு.” தள்ளவில்லை. “ஏன், கை வரமாட்டேங்குதா? புள்ளைய இந்தப் பக்கம் சாச்சுப் புடி.” தகரம் அடிக்கிறது. சின்னவேலண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். இவர், “அண்ணா, ஒரு நிமிசம், கூப்புடறனுங்க,” என்று போனை இறக்குகிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்தேனே, வாயைத் திறக்காமலே திரும்பிவிட்டார்கள், இனிமேல் திறந்தால் என்ன? மாமனாரின் காலைப் பார்த்தேன், செருப்பில் எரு ஒட்டியிருக்கிறது. அந்தச் செருப்பைப் பார்த்தே சொன்னேன். “மாமா, இங்க வேண்டாங்க.”

என் குரலா அது? கிணத்துக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. அத்தையின் வாய் திறந்தபடி நின்றது. மாமனார் என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து, “என்ன சொல்லுது?” என்றார். அத்தை சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன், நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். “இங்க வெச்சா மட்டை தொட்டில் மேல உளுகுமுங்க. காயும் உளுகுமுங்க. இது குட்டையாவே நிக்காதுங்க மாமா, வளருமுங்க, எங்கம்மா ஊட்டுக்குப் பக்கத்துல இருக்குதுங்க, ஓட்டுக்கு மேல போயிருச்சுங்க. வேலியோரம் வெக்கலாமுங்க.” “வளருமா?” என்றார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “நான் நின்னுக்கிட்டே பறிச்சனே?” “நானும் நின்னுக்கிட்டுப் பறிச்சனுங்க. நாலாவது படிக்கறப்போ. கல்யாணத்துக்குள்ள வளந்துபோச்சுங்க.” சின்னவேலண்ணன் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றினார். மாமனார் அண்ணாந்து சாய்ப்புத் தகரத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். நாத்தைப் பார்த்துவிட்டு, அது இன்றைக்கே வளர்ந்துவிடும் போல மறுபடி மேலே பார்த்தார். “வேலியோரம் தண்ணி போகாது. இங்கன்னா குளிக்கற தண்ணி தானாப் போகும். அங்க ஆரு ஊத்தறது?” “நான் ஊத்தறனுங்க.” “சுக்காங்கல்லு. குழி எறங்காது.” “எறங்குமுங்ணா, பாத்துக்கலாம்,” என்றார் சின்னவேலண்ணன். எதற்காகச் சொன்னாரோ, மட்டைச் சண்டைக்குப் பழி வாங்கவோ என்னவோ. அத்தை, “காயெல்லாம் பக்கத்து ஊட்டுக்காரிக்குப் போகுமே,” என்று மூக்கால் பேசியது. “போனாப் போகுது, காய்தானே போகும்,” என்றார் இவர். லூசு என்று சொன்ன அதே வாய். நேற்றே சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? மாமனாருக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. கடைசியில் என்மேல் வந்தது. “ஏனம்மிணி, முழுசா ஒரு குழி வெட்டி, மண்ணுப் போட்டு, நாத்தும் வெச்சாச்சு. இத்தன நேரம் இங்கதான நின்னே? மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” நியாயமான கேள்விதான். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை பதில் பாத்திரம் தேய்க்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை, வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. “நீங்க கேக்கவே இல்லீங்களே மாமா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “கடப்பாரைய எடு,” என்றார் சின்னவேலண்ணனிடம். நாத்தை எடுக்க இவர் குனிந்தார். “காயப் புடிச்சுத் தூக்குங்க,” என்றேன். காயைப் பிடித்துத் தூக்கினார். எழுந்தேன், முட்டி ரெண்டும் மரத்துப்போயிருந்தது, ஈரச் சேலை காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாப்பாவைக் கீழே விட்டுவிட்டுச் சேலையைப் பிழியலாம் என்று குனியப் போனேன். “எறக்கீராத! நாத்து இன்னும் வெளியிலதான் இருக்குது!” என்று அத்தை அங்கிருந்தே கத்தியது. நான் கேட்டு வாங்கின புதுக் குழி. கல்லுக்குள் வெட்ட வேண்டிய குழி. அது முடிகிற வரைக்கும் இன்னொரு தடவை, முதலில் இருந்து, இந்தப் பிள்ளை இந்த இடுப்பில். சொன்னதற்குக் கூலி போலிருக்கிறது. வேலியோரம் போய் நின்றேன். சின்னவேலண்ணன் கடப்பாரையை ஓங்கிப் போட்டார், ணங்கென்று திரும்பி வந்தது. பாப்பா அதற்குச் சிரித்தாள், இன்னொன்று போடச் சொல்லிக் கையை ஆட்டினாள். நான் தண்ணித் தொட்டியைப் பார்த்தேன். தொட்டியில் இருந்து துவைக்கிற கல், கல்லில் இருந்து முருங்கை, முருங்கையில் இருந்து இங்கே. குடத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் நான் நடக்க வேண்டிய வழி. இங்கிருந்து சாய்ப்பைப் பார்த்தேன். காலித் தொட்டில் பச்சைப் புள்ளியாக ஆடுகிறது. தூரம்தான். தூரமாகவே இருக்கட்டும்.